சுருட்டிய கேபிள் ஏன் சூடாகிறது? கேம்பர்வேன் மின் இணைப்பில் ஒரு கழித்தல் கணக்கு

லண்டனில் இருக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கோடை விடுமுறைக்கு ஒரு கேம்பர்வேனை (உள்ளேயே படுக்கை, சமையல் வசதி உள்ள வேனை) வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போகிறார்களாம். வண்டியோடு வரும் ஆரஞ்சு நிற கேபிளைச் சுருளாக வைத்துப் பயன்படுத்தக் கூடாது, முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் கரண்ட் எடுக்க வேண்டும் என்று வண்டிக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "சுருளாக இருந்தால் கேபிள் மின்காந்தமாகிவிடும், அதனால்தான் சூடாகிறது என்கிறார் நண்பர். சரியா?"

அறிவுரை சரி. காரணம் சரியில்லை. ஏன் சரியில்லை என்று பார்த்தால், அந்த வண்டிக்குள் உயிரைக் காப்பாற்றக் காத்திருக்கும் ஒரு சின்னக் கருவியின் சூட்சுமமும் சேர்ந்தே பிடிபட்டுவிடும். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பவே பிடித்தது.

முதலில் அடிப்படை. பிரிட்டனின் சுற்றுலா முகாம்களில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மின் கம்பம் இருக்கும், இடுப்பளவு உயரம்கூட இருக்காது. அதில் மூன்று பின் கொண்ட நீல நிற சாக்கெட். அங்கிருந்து வண்டி வரை 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிகள் உள்ள கேபிள், வழக்கமாக 25 மீட்டர் நீளம். உள்ளே ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பிகள். 230 வோல்ட், அதிகபட்சம் 16 ஆம்பியர். பல முகாம்களில் 10 ஆம்பியர்தான் தருவார்கள், ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் 6 ஆம்பியரும் உண்டு. 6 ஆம்பியர் என்றால் மொத்தமே 1,380 வாட். வீட்டில் வைத்திருக்கும் 3,000 வாட் கெட்டிலை அங்கே போட்டால் கொஞ்ச நேரத்தில் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும்.

இப்போது காந்த விஷயம். ஒரு கம்பியைச் சுருட்டி மின்சாரம் செலுத்தினால் அது மின்காந்தம்தான், பள்ளியில் ஆணியில் கம்பி சுற்றிப் பார்த்திருப்போம். ஆனால் இந்த கேபிளுக்குள் ஃபேஸ் கம்பியில் 10 ஆம்பியர் போனால் அதே கணத்தில் நியூட்ரலில் அதே 10 ஆம்பியர் எதிர்த் திசையில் திரும்பி வருகிறது. இரண்டும் ஒட்டி ஒட்டியே ஓடுகின்றன. ஒன்று உண்டாக்கும் காந்தப்புலத்தை மற்றது ஏறக்குறைய முழுவதுமாக அழித்துவிடுகிறது. பத்துச் சுற்று சுற்றினாலும் நூறு சுற்று சுற்றினாலும் பூஜ்யத்தின் மடங்கு பூஜ்யம்தான்.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? வெறும் கம்பித் தடையிலிருந்து. போக வர 50 மீட்டர் செம்பின் தடை சுமார் 0.4 ஓம். 16 ஆம்பியர் ஓடினால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க, நூறு வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. புல்லில் நீட்டிப் போட்டிருந்தால் மீட்டருக்கு 4 வாட், காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். சுருளாக இருந்தால் அந்த நூறு வாட்டும் நடு அடுக்குகளில் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. இரவெல்லாம் ஹீட்டர் ஓடினால் பிளாஸ்டிக் உறை இளகி, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கும் நிலை வரை போகலாம். இதில் காந்தத்துக்கு வேலையே இல்லை.

சரி, அந்தக் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்றேன் அல்லவா? மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற கருவி முழுக்க முழுக்க அந்த அழிதலின் மேல்தான் நிற்கிறது. முகாம் கம்பத்தில் ஒன்று இருக்கும், வண்டிக்குள் இன்னொன்று இருக்கும். நம் ஊர் வீடுகளில் ஆர்சிசிபி என்று மாட்டுவதும் இதே சாதனம்தான். உள்ளே இரும்புக் கலவையால் ஆன ஒரு வளையம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளும் அந்த வளையத்தின் வழியாகப் போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருக்கும் வரை வளையத்துக்குள் காந்தப்புலம் இல்லை. எவ்வளவு பணம் புரண்டாலும் வரவும் செலவும் ஒத்துப்போனால் போதும் என்று உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி, 1 ஆம்பியர் ஓடினாலும் 16 ஆம்பியர் ஓடினாலும் அது அசையாது. ஒருவர் உடல் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தரைக்குப் போய்விட்டால் மட்டும் போனதைவிட வந்தது குறைகிறது. மிச்சம் விழுந்த அந்த வித்தியாசம் வளையத்தில் ஒரு சிறிய காந்தப்புலத்தை எழுப்புகிறது, வளையத்தின் மேல் சுற்றிய மூன்றாவது கம்பிச்சுருளில் அது ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது.

இதற்கு அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்த ஆர்சிடி விழ வேண்டிய அளவு 30 மில்லிஆம்பியர் கசிவு. அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம், அதை வைத்துக்கொண்டு ஒரு சுவிட்சைத் தள்ளவே முடியாது. ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் இயந்திர வகை ஆர்சிடியில், இறுக்கிய ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்து ஒரு நிலைக்காந்தம் சின்ன இரும்புத் தகட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, அதுவும் விட்டுவிடுகிற எல்லையில். கசிவால் வந்த துளி மின்னோட்டம் ஒரு சுருள் வழியாக ஓடி அந்தக் காந்தத்தின் பலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. பிடி தளர்ந்ததும் ஸ்பிரிங் தகட்டை இழுத்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. துண்டிக்கும் பலம் முழுவதும், கடைசியாக அந்த சுவிட்சை மேலே தள்ளிய விரல் ஸ்பிரிங்கில் சேமித்து வைத்த பலம்! பள்ளி ஆய்வகங்களில் ஆளுக்கொன்று கழற்றிப் பார்க்கக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை, மின்சாரத்தைப் பற்றிய பாதி மூடநம்பிக்கைகள் அங்கேயே தீரும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. உடம்பில் ஓடும் மின்னோட்டத்தை ஆர்சிடி 30 மில்லிஆம்பியரோடு நிறுத்தி வைப்பதில்லை. ஈரக் காலோடு நிற்பவரின் உடல் தடை 1,500 ஓம் என்று வைத்தால் 150 மில்லிஆம்பியர் ஓடும், ஷாக் அடிக்கத்தான் செய்யும். ஆர்சிடி குறைப்பது நேரத்தை. 150 மில்லிஆம்பியர் கசிந்தால் 40 மில்லிநொடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தரநிலை. ஒரு இதயத்துடிப்பு முக்கால் நொடிக்கு மேல் எடுக்கும். இதயத்தின் தாளம் குலைவதற்கு முன் மின்சாரம் போய்விட வேண்டும் என்பதுதான் திட்டம். உடல் எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்து அளந்தார், அமெரிக்காவில் இந்த வகைக் கருவி 1961இல் அவர் கையிலிருந்துதான் வந்தது. உடனடி லாபம் தெரியாத இந்த மாதிரி அளவீடுகளுக்கு நிதி ஒதுக்கச் சொன்னால் இன்றும் பலர் தயங்குகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான்.

இன்னொரு நம்பிக்கை, "வண்டிதான் ரப்பர் டயர் மேல் நிற்கிறதே, ஷாக் அடிக்காது" என்பது. ஆபத்தே அங்கேதான். உள்ளே ஒரு ஃபேஸ் கம்பி உரசி உலோக உடலைத் தொட்டால், டயர் காரணமாக மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் வண்டி முழுக்க 230 வோல்ட்டில் காத்திருக்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு வந்து கதவுப் பிடியைத் தொடும் குழந்தைதான் வழி. எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு அதன் வழியாகப் போய் ஆர்சிடி விழுந்துவிடும்.

பிரிட்டனில் பல வீடுகளுக்கு வரும் மின்வழியில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பிதான். தெருவில் எங்கோ அது அறுந்தால் எர்த்தோடு இணைந்த உலோகத்திலெல்லாம் மின்சாரம் ஏறிவிடும், எர்த் வழியாகவே வருவதால் ஆர்சிடியாலும் காப்பாற்ற முடியாது. அதனால் கேரவனுக்கும் படகுக்கும் அந்த முறையை 2002ஆம் ஆண்டின் விதிகள் தடை செய்கின்றன. முகாமில் மண்ணில் அடித்த தனி எர்த் கம்பி இருக்கும். மண்ணின் தடை நூறு ஓம் என்றால் பழுதின்போது ஓடுவது வெறும் 2.3 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. வித்தியாசத்தைப் பார்க்கும் ஆர்சிடி இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது.

பிரான்ஸ் பக்கம் போனால் சில முகாம்களில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆர்சிடிக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால் ஒற்றைக் கம்பியை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால், அணைத்த டோஸ்டருக்குள்ளும் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் சின்ன டெஸ்டர் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், சுத்தம் செய்யும் முன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

இணைக்கும்போது முதலில் வண்டியில் செருகி, அப்புறம் கம்பத்தில் செருகுங்கள். கழற்றும்போது கம்பத்தில்தான் முதலில். மின்சாரம் உள்ள முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நடக்க வேண்டியிராது. இணைத்தவுடன் வண்டி ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். அது ஒரு சிறு மின்தடை வழியாக, வளையத்தைத் தவிர்த்துக் கொஞ்சம் மின்சாரத்தை வேண்டுமென்றே திருப்பிவிடுகிறது. விழவில்லை என்றால் அந்த இணைப்பைப் பயன்படுத்தக் கூடாது.

குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டியில், வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் ஆர்சிடி விழுகிறது என்று பலரும் சொல்வார்கள். ஹீட்டர் கம்பியைச் சுற்றி இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அதன் வழியாகக் கசிகிறது. ஆர்சிடியைக் குறை சொல்லி அதைத் தாண்டி ஒயர் இழுத்துவிடாதீர்கள். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரியும். அந்த ஹீட்டரை ஒரு எலக்ட்ரீஷியன் இன்சுலேஷன் அளந்து சொல்லும் வரை அணைத்தே வையுங்கள், தண்ணீரைக் கேஸில் சுடவைத்துக்கொள்ளலாம்.