கிராண்ட்: மானியமா, உதவித்தொகையா?

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், அக்கா பாப்பாவுக்கு வாங்குற கிராண்டுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். சட்டென்று மானியம் என்று பலகையில் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டோங்காட், ஸ்டாங்கர் பக்கத்துக் கரும்புக்காட்டு ஊர்களில் கிராண்ட் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாதா மாதம் சாசா என்ற சமூகப் பாதுகாப்பு அலுவலகம் கொடுக்கிற அரசாங்கப் பணம். பல வீடுகளில் கைக்கு வருகிற ஒரே காசும் அதுதான். ஆயா, தாத்தா வாங்குவதை மட்டும் பென்ஷன் என்போம், சட்டப்படி அதுவும் கிராண்ட்தான். குழந்தைக்கான கிராண்ட் 1998இல் 100 ராண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 560 ஆனது.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'கிரேடெரே' என்றால் நம்புவது. அது பழைய பிரெஞ்சில் உறுதி கொடுப்பது என்று மாறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து கிராண்ட் ஆனது. கிரெடிட்டுக்கும் இதே வேர்தான், அதாவது கிராண்டும் கடனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இங்கே அது வெறும் அகராதிச் செய்தி இல்லை. வட்டிக்கு விடுகிறவரை மஷோனிசா என்பார்கள், ஜூலு மொழியில் 'ஷோனா' என்றால் மூழ்குவது, மஷோனிசா மூழ்கடிக்கிறவர். எங்கள் தெரு அக்கா ஒருவரின் கிராண்ட் கார்டு, ரகசிய எண்ணோடு, அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் இருந்தது. பணம் விழுகிற அன்று காலையில் அக்கா அந்த மஷோனிசா பின்னாலேயே ஏடிஎம் வரை நடந்துபோய், அவர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவார்.

மானியம் வடசொல். 'மான்ய' என்றால் மதிக்கத்தக்கது. கோயிலுக்கும் ஊர்ப் பணி செய்கிறவர்களுக்கும் வரியில்லாமல் விட்ட நிலம்தான் மானியம். இப்போது தமிழ்நாட்டில் உரத்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் விலையில் அரசு ஏற்றுக்கொள்கிற பங்கை மானியம் என்கிறார்கள். நம் கிராண்ட் இரண்டும் இல்லை. ஆராய்ச்சிக்குத் தருகிற கிராண்டுக்கு 'நல்கை' என்ற அழகான சொல் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

உதவித்தொகை பொருளுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். ஆனால் உதவி என்பது கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது இல்லையா? 1928இல் வந்த முதியோர் பென்ஷன் சட்டத்தில் இந்தியர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமே இல்லை. 1944இல் சேர்த்தார்கள், வெள்ளையர்களைவிடக் குறைந்த தொகையில். எல்லாருக்கும் ஒரே தொகை என்று ஆக 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1996 அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, தன்னையும் தன்னை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்ற முடியாதவருக்கு அரசின் ஆதரவைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. அப்படி எழுதி வைத்த பிறகு அதை உதவி என்பானேன்?

அதனால் என் ஓட்டு 'உரிமைத்தொகை'க்கு. நான் கண்டுபிடித்த சொல் இல்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியது இந்தப் பெயரில்தான். தொகை என்பது 'தொகு' என்ற வேரிலிருந்து வருவது, எட்டுத்தொகையில் இருக்கிற அதே தொகை.

வருகிற சனிக்கிழமை மானியத்தை அழித்துவிட்டு இதை எழுத வேண்டும். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் எல்லாரும் கிராண்ட் என்றுதான் சொல்வார்கள், நானும்தான்.