சார்புறவு: ஒரு கலைச்சொல்லின் பொருளும் திசையும்

மென்பொருள் வடிவமைப்பு வரைபடத்தில் ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு விட்டுவிட்டு வரையப்படும் கோட்டையும் அதன் முனையில் உள்ள திறந்த அம்புத்தலையையும் ‘டிபென்டென்சி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கிரேடி பூச், ஐவர் ஜேக்கப்சன், ஜேம்ஸ் ரம்பா ஆகிய மூவரின் முயற்சியில் உருவாகி, 1997-இல் ஓ.எம்.ஜி. என்னும் தரநிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்ட யூ.எம்.எல். என்னும் வரைபட மொழியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு: ஓர் உறுப்பில் செய்யும் மாற்றம் மற்றோர் உறுப்பையும் மாற்றும்படி செய்யக்கூடுமானால், பின்னது முன்னதைச் சார்ந்தது. இதைத் தமிழில் ‘சார்புறவு’ எனலாம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘தே’ என்றால் கீழே. ‘பெந்தேரே’ என்றால் தொங்குதல். கழுத்தில் தொங்கும் பென்டன்ட்டும் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலமும் இதே குடும்பத்துச் சொற்கள். தமிழில் ‘சார்’ என்பது தொங்குவதன்று. சாய்ந்து நிற்பது, அண்டி நிற்பது. பந்தல்காலைப் பற்றிய அவரைக்கொடி, காலை நகர்த்தினால் தானும் நகர வேண்டியிருக்கிறது. வரைபடக்காரர்கள் சொல்ல வந்ததற்குத் தொங்கும் படிமத்தைவிடச் சாயும் படிமமே பொருத்தம் என்பது என் எண்ணம்.

நம் இலக்கணத்திலும் இந்தச் சொல்லுக்கு இதே வேலைதான். தொல்காப்பியம் முப்பது எழுத்துகளைச் சொல்லிவிட்டு, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகியவற்றைச் ‘சார்ந்துவரல் மரபின் மூன்று’ என்று பிரித்து வைக்கிறது. ‘நாடு’ என்று சொல்லிப் பாருங்கள். ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறது. ‘நடு’ என்று சொன்னால் அதே உகரம் ஒரு மாத்திரை அளவில் முழுமையாக ஒலிக்கிறது. ‘டு’ என்ற எழுத்தில் நாம் கைவைக்கவே இல்லை. அதற்கு முன்னிருந்த நெடிலைக் குறிலாக்கினோம், அவ்வளவுதான். சார்புறவுக்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டை எந்த மென்பொருள் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

இனி நிரலுக்கு வருவோம். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பருவத்தில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டி மேடையேறுகிறது. லோடு எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்து நிகர எடை சீட்டில் பதிவாகிறது. ‘எடைச்சீட்டு’ ஓர் இனக்குழு (‘கிளாஸ்’), அதாவது ஒரே வகைப் பொருள்களை உருவாக்கும் வார்ப்பு. ‘விலைப்பட்டியல்’ மற்றோர் இனக்குழு. எடைச்சீட்டில் தொகையைக் கணக்கிடும் செயற்கூறு, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல்பகுதி, விலைப்பட்டியலை அளபுருவாக (‘பாராமீட்டர்’) வெளியிலிருந்து பெற்று, கணக்கு முடிந்ததும் விட்டுவிடுகிறது, தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. இதுதான் சார்புறவு. வண்டியையோ எடைச்சீட்டு தன் பண்புக்கூறாகவே வைத்திருக்கிறது. ஆகவே அது முழுக்கோட்டால் காட்டப்படும் தொடர்புறவு (‘அசோசியேஷன்’).

அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பர்கூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் என் வகுப்பில் விலைப்பட்டியலிலிருந்து எடைச்சீட்டுக்கு அம்பு இழுத்துவிட்டு, “விலை அங்கிருந்துதானே சார் வருது?” என்றார். விலை அங்கிருந்து வருவது உண்மை. ஆனால் அம்பு காட்டுவது சரக்கோ தகவலோ செல்லும் வழியையன்று, யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்பதை. விலைப்பட்டியல் கிலோவுக்கு விலை சொல்வதை விட்டு டன்னுக்குச் சொல்லத் தொடங்கினால் எடைச்சீட்டின் நிரலைத் திருத்தியாக வேண்டும். எடைச்சீட்டில் ஓட்டுநர் பெயருக்கு ஓர் இடம் கூட்டினால் விலைப்பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே அம்பு எடைச்சீட்டில் தொடங்கி விலைப்பட்டியலில் முடிகிறது. ஐயம் வந்தால் தமிழில் வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பது போதும்: எடைச்சீட்டு விலைப்பட்டியலைச் சார்ந்தது. எந்தச் சொல் ‘ஐ’ உருபு ஏற்கிறதோ, அம்புத்தலை அங்கே.

‘சார்பு’ என்று மட்டும் சொன்னால் ஆகாதா என்று கேட்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘உறவுகளும் சார்புகளும்’ படித்தவருக்குச் சார்பு என்றால் ‘ஃபங்ஷன்’; செய்தித்தாள் படிப்பவருக்கு அது ஒருபக்கச் சாய்வு; கூட்ட அழைப்பிதழில் ‘சங்கத்தின் சார்பாக’ என்று வந்தால் வேறொன்று. ‘உறவு’ சேர்ந்ததும் இந்தக் குழப்பங்கள் விலகுகின்றன. ‘சார்புநிலை’ என்பாரும் உண்டு. அது ஓர் உறுப்பின் நிலையைச் சொல்கிறதேயன்றி இரண்டு உறுப்புகளுக்கு நடுவே உள்ள கோட்டைச் சொல்லவில்லை.

சார்புறவைப் பொருள்களுக்கு (‘ஆப்ஜெக்ட்’) இடையிலான சார்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதில் ஒரு நுட்பம் விடுபடுகிறது. யூ.எம்.எல். விதிப்படி, சார்புறவு வரைபடத்தில் பெயர் பெற்ற உறுப்புகளைப் பற்றியது. நிரல் ஓடும்போது உருவாகும் பொருள்களைப் பற்றி அது எதையும் வலியுறுத்துவதில்லை. இன்று காலை காவேரிப்பட்டினத்திலிருந்து வந்த வண்டிக்குப் போட்ட சீட்டு ஒரு பொருள். மதியம் போச்சம்பள்ளி வண்டிக்குப் போட்டது இன்னொரு பொருள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டியதில்லை. எடைச்சீட்டு என்னும் இனக்குழுவின் பெட்டியிலிருந்து ஒரே கோடு, அதன்மேல் ‘பயன்படுத்து’ என்ற குறிச்சொல், அவ்வளவே.