அனுமதிப் படிவம் பீரோவில் தூங்குகிறது

ஆண்டு விழாவுக்கு மறுநாள் காலை, முதல் பீரியடுக்கு முன்பே ஓர் அம்மா லேபுக்கு வந்துவிட்டார். "போட்டோ போடாதீங்கன்னு எழுதிக் கொடுத்திருந்தேனே சார்" என்றார். பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவர் மகள் பரதநாட்டிய உடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பீரோவைக் குடைந்ததில் ஜூன் மாதம் வாங்கிய படிவம் கிடைத்தது. ஓரத்தில் நீல மையில் 'போட்டோ வேண்டாம்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தார். படத்தை ஏற்றிய ஆசிரியர் அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மெட்ரிக் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் படிவத்தில் அப்போது இருந்தது ஒரே வரி: 'என் மகன்/மகள் இணையம் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.' எதற்குச் சம்மதம்? கூகுள் கணக்கு திறக்கவா, யூடியூப் பார்க்கவா, படம் வெளியிடவா, ஏதோ ஒரு வீட்டுப்பாடச் செயலிக்குப் பிறந்த தேதியைக் கொடுக்கவா? ஒன்றுக்குச் சரி என்பவர் இன்னொன்றை மறுப்பார். மறுக்க இடமே இல்லாததால்தான் அந்த அம்மா ஓரத்தில் எழுதினார்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 'சரிபார்க்கத்தக்க' என்ற சொல்லில்தான் நமக்குச் சிக்கல். எட்டாம் வகுப்புப் படிவம் ஒன்றில் 'அப்பா செல் நம்பர்' கட்டத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தவன் பையன்! ஓடிபி எத்தனை அனுப்பினாலும் அவன் கைக்குத்தானே போகும்? இப்போது சேர்க்கைக்கு நேரில் வரும் பெற்றோரை அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்கிறோம்.

படிவம் சரியானால் போதாது, அது மெஷினுக்கும் தெரிய வேண்டும். லேப் முழுக்க 'ஸ்டூடண்ட்' என்ற ஒரே லாகின் என்றால் யாருக்கு எது அனுமதி என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆளுக்கொரு கணக்கு, வகுப்புவாரியாகத் தனித்தனிக் குழு. இது இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது. கூகுளின் பள்ளிக் கணக்குகளில் 2021 செப்டம்பரிலிருந்து எல்லோரும் 18 வயதுக்குக் கீழ் என்பதே இயல்புநிலை. யூடியூபில் ஆசிரியர் கொடுத்த வீடியோவைப் பார்க்கலாம், கமெண்ட் போட முடியாது. ஆசிரியர் கணக்குகளை மட்டும் நாம் 18-க்கு மேல் என்று மாற்றிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், 'டீச்சருக்கு யூடியூப் வரல' என்ற புகாருக்காக மொத்தப் பள்ளியையும் 18-க்கு மேல் ஆக்கிவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே க்ளிக்கில் மேஜர்.

எதிர்ப்பக்கத் தவறு என்னுடையது. வேண்டாத தளங்களைத் தடுக்கும் ஃபில்டரை இறுக்கிப் பூட்டிப் பெருமையாக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மாணவி மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடினாள். சிவப்புத் திரை வந்தது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துப் பேசாமல் எழுந்து போனாள். யாரையாவது கேட்கவே வழியில்லாமல் வைத்திருந்தேன். இப்போது அந்தத் திரையில் 'பாடத்துக்குத் தேவையா? லேப் ஆசிரியரிடம் சொல்' என்று ஒரு வரி இருக்கிறது, கீழே குழந்தைகள் உதவி எண் 1098-உம்.

படத்தை அன்றே நீக்கினோம். 'போட்டோ வேண்டாம்' பட்டியல் இப்போது விழாவுக்கு முந்தைய நாளே கேமராக்காரர் கைக்குப் போகிறது. அடுத்த வருடம் அந்தப் பட்டியலைப் பார்த்த நடன ஆசிரியர், "அப்ப அவளைப் பின்வரிசையில போட்டுடலாமா?" என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றது படத்தைத்தானே, மேடையை இல்லையே என்றேன். அவள் முன்வரிசையில் ஆடினாள். அந்த ஒரு நடனத்துக்கு மட்டும் கேமரா மூடியே இருந்தது.