அச்சு விழுமுன் நாணயம்

நாணயம் என்றதும் அதன் மேலுள்ள சிங்கங்களும் எண்ணுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எடை, பருமன், விளிம்பின் மேடு, காந்தத்தில் ஒட்டுமா ஒட்டாதா என்பன போன்றவை பெரும்பாலும் அச்சு விழுவதற்கு முன்பே, எழுத்தோ உருவமோ இல்லாத வெற்று வில்லையாக அது இருக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய ஊர்களிலுள்ள நாணயச்சாலைகளே காசு அடிக்கின்றன. வில்லைகள் வெளி ஆலைகளில் தயாராகி வருவதும் உண்டு. சேலம் உருக்காலையில் வில்லை வெட்டுவதற்கான பிரிவு 1993இல் அமைக்கப்பட்டது.

1992 முதல் வெளிவந்த ஒரு ரூபாயை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 25 மி.மீ., எடை 4.85 கிராம். 17 விழுக்காடு குரோமியம் கலந்த, நிக்கல் சேராத ஃபெரிட்டிக் வகைத் துருவேறா எஃகால் ஆனது என்பதால் அது காந்தத்தில் ஒட்டும்; அதற்கு முந்திய செம்பு–நிக்கல் ரூபாய் ஒட்டாது. இந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் வில்லையின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 1.3 மி.மீ. வருகிறது. தகட்டை உருளைகளுக்கிடையே தேய்த்து மெலிதாக்கும்போது தடிமன் 0.01 மி.மீ. கூடிவிட்டால் ஒவ்வொரு காசிலும் 0.04 கிராம் அளவுக்கு எடை ஏறிவிடும். பழங்கால முத்திரைக் காசுகளில் எடை மிகுந்தால் மூலையைக் கத்தரித்துச் சரிசெய்தார்கள். இலட்சக்கணக்கில் வெட்டப்படும் வில்லைகளுக்கு அது நடவாது.

சுருளாக வரும் தகட்டிலிருந்து பஞ்சும் (punch, மேலிருந்து குத்தும் எஃகுத் தண்டு) டையும் (die, அதற்கு அடியில் உள்ள துளையிட்ட எஃகுக் கட்டை) வில்லைகளை வெட்டித் தள்ளுகின்றன. துளைகளை நேர்நேர் வரிசையாகப் போட்டால் தகட்டின் பரப்பில் 78.5 விழுக்காட்டுக்கு மேல் வில்லையாகாது. ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசை அமையுமாறு போட்டால் இந்த வரம்பு 90.7 விழுக்காடு வரை உயரும். மிஞ்சும் சல்லடைத் தகடு மீண்டும் உலைக்குப் போகிறது. வெட்டிய வில்லையின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒரு பக்கம் சற்றே மழுங்கி, அதையடுத்து வழவழப்பான ஒரு பட்டையும் பிறகு சொரசொரப்பான ஒரு பட்டையும் தெரியும். உலோகம் முதலில் வெட்டுப்பட்டு, பாதி வழியில் தாங்காமல் முறிந்ததன் அடையாளம் அது. முறிந்த பக்கத்தில் பிசிறும் நிற்கும்.

தேய்க்கப்பட்ட உலோகம் இறுகிப்போயிருக்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது விறைத்துக்கொள்வதற்கும் காரணம் ஒன்றே: படிக அடுக்குகளில் உண்டாகும் பிறழ்வுகள் ஒன்றோடொன்று சிக்கி, மேலும் நகர முடியாமல் நின்றுவிடுகின்றன. இந்த எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் சிக்கலற்ற புதிய படிகங்கள் உருவாகி, உலோகம் இளகுதன்மை பெறுகிறது. காற்றுப் பட்டால் மேற்பரப்பு கறுத்துவிடும் என்பதால் உலைக்குள் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை நிரப்புவதும் உண்டு. இந்த இளக்கம் இல்லையென்றால் உருவம் முழுமையாகப் பதியாது. அச்சும் விரைவில் வெடித்துவிடும்.

பிறகு வில்லையை அதன் குறுக்களவைவிடச் சற்றே குறுகலான தடத்தில் உருட்டி நெருக்குகிறார்கள். ஓரத்து உலோகம் ஒதுங்க இடமின்றி மேலெழுந்து விளிம்பாகிறது. விளிம்பு உருவத்தைத் தேய்மானத்திலிருந்து காப்பதோடு, அச்சு அடிக்கும்போது நடு உலோகம் ஓரம்வரை ஓடிவந்து விளிம்பை எழுப்ப வேண்டிய சிரமத்தையும் குறைக்கிறது. நெருக்கியதால் சற்றுச் சிறுத்த வில்லை, அச்சுகளைச் சூழ்ந்த வளையத்துக்குள் எளிதாக இறங்கி, அடி விழுந்ததும் விரிந்து வளையத்தை நிறைத்துக்கொள்கிறது.

தகடு போதிய அளவு நகராமல், முன்பு போட்ட துளையின் மீதே பஞ்சு சிறிது விழுந்தால், பிறை வடிவில் கடிபட்ட வில்லை கிடைக்கும். இத்தகைய காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம் என்பதால் நல்ல காசை வெட்டி ஏமாற்றுவோரும் உண்டு. ஆனால் உண்மையான பிழைக் காசில், கடிபட்ட இடத்துக்கு நேரெதிரே விளிம்பு மங்கியிருப்பது வழக்கம். தடத்தில் உருளும்போது ஒரு பக்கம் பிடிமானம் இல்லாததால் மறுபக்கமும் அழுத்தம் பெறுவதில்லை. பிளேக்ஸ்லி விளைவு எனப்படும் இந்த மங்கல், அச்சடித்த பிறகு அரத்தால் அராவிய காசில் இருக்காது.