எலிக்கு வலிப்பு நின்றது, சரி, எலி நிற்கிறதா?

'எலிகளில் நிரூபிக்கப்பட்டது' என்று ஏதாவதொரு மூலிகைப் பொடி வாட்ஸாப்பில் சுற்ற ஆரம்பித்தால், எனக்கும் வந்துவிடும். கூடவே ஒரு கேள்வி: "வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா?" கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

மருந்தியல் ஆய்வகத்தில் அந்த 'நிரூபணம்' இப்படித்தான் நடக்கும். சுண்டெலிக்கு மருந்தைக் கொடுத்து, அது முழுவீச்சில் வேலை செய்யும் நேரம் வரை காத்திருப்போம். பிறகு கண்களில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மின்முனைகளை வைத்து, 50 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 0.2 வினாடி மட்டும் செலுத்துவோம். மருந்து கொடுக்காத சுண்டெலி உடனே விறைக்கும்; பின்னங்கால்கள் இரண்டும் பின்பக்கமாக நீண்டு கம்பி மாதிரி நிற்கும். மருந்து கொடுத்ததற்கு அந்த விறைப்பு வராவிட்டால் 'பாதுகாப்பு உண்டு' என்று குறிப்பேட்டில் ஏறும். பென்டிலீன்டெட்ரசால் ஊசி போட்டு வலிப்பை வரவழைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு.

பொடி விற்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் எலியை நன்றாக மயக்கிப்போட்டாலும் வலிப்பு அடங்கும்தானே? அதனால்தான் 1957இல் டன்ஹாம், மியா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய ரோட்டாராட் சோதனை முக்கியமாகிறது. நிமிடத்துக்கு 6 சுற்று சுழலும் ஒரு தண்டில் சுண்டெலியை விடுவோம். நல்ல நிலையில் இருப்பது அலட்டிக்கொள்ளாமல் நடக்கும். மருந்து மூளையை அழுத்தியிருந்தால் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும்: பின்னங்கால் வழுக்கும், சில சமயம் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்தே ஒரு சுற்று வரும். ஒரே நிமிடத்தில் மூன்று முறை விழுந்தால், அந்த அளவு மருந்து உடலியக்கத்தைக் கெடுக்கிறது என்று கணக்கு.

பாதி எலிகளைத் தள்ளாட வைக்கும் அளவை, பாதி எலிகளுக்கு வலிப்பைத் தடுக்கும் அளவால் வகுத்தால் பாதுகாப்புக் குறியீடு கிடைக்கும். அது 1ஐ ஒட்டி இருந்தால், வலிப்பு நிற்கிற அளவிலேயே எலியும் விழுகிறது என்று பொருள். மூலிகைச் சாறு பற்றிய ஆய்வு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். பல கட்டுரைகளில் அது இருப்பதே இல்லை.

எலிச் சோதனையும் ஏமாற்றும். இன்று நம்மூரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் லெவெடிரசிட்டம் என்ற வலிப்பு மருந்து, மேலே சொன்ன இரண்டு வலிப்புச் சோதனைகளிலும் தேறவில்லை. மூளைக்குத் திரும்பத் திரும்பச் சிறு மின்தூண்டல் கொடுத்து, நாள்பட வலிப்புக்குப் பழக்கிய எலிகளில்தான் அதன் பலன் தெரிந்தது. 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டயாகபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து இதற்கு நேர்மாறு. பென்டிலீன்டெட்ரசால் வலிப்பைத் தடுத்தது; ஆனால் மனிதர்களில், சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி நினைவு தவறும் வகை வலிப்பை அது மோசமாக்கக்கூடும்.

தண்டில் எலி தள்ளாடுவது மனிதருக்கும் பொருந்தும். பினிடாயின் என்ற வலிப்பு மருந்தை எடுப்பவருக்கு நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், மருந்து ரத்தத்தில் கூடியிருக்கலாம். ஓரளவுக்கு மேல் அதைக் கழிக்கும் கல்லீரலின் திறன் நிரம்பிவிடும். பிறகு டோஸைக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு எகிறும். அப்போதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்து டோஸைத் திருத்திக் கொடுப்பார். கூடவே வேறு பொடியோ லேகியமோ சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.