"நல்லாயிட்டேன் சிஸ்டர், இனி ஊசி வேணாம்ல?"

இந்தக் கேள்விய கேக்காத ஆளே இல்ல. நான் மனநல கிளினிக்ல நர்ஸ், டாக்டர் பாக்கறது சில மாசத்துக்கு ஒரு தடவ, நடுவுல எல்லாம் நாங்கதான் பாக்கறோம்.

ஸ்கிசோஃப்ரினியாவுக்கு, அதாவது இல்லாத குரல் கேக்கற, வீணா சந்தேகம் வர்ற மனச்சிதைவு நோய்க்கு, தினம் மாத்திரை போட முடியாதவங்களுக்கு டெப்போ ஊசி இருக்கு, மருந்தப் பொறுத்து 2 வாரம், 4 வாரம், சிலது 3 மாசத்துக்கு ஒருக்கா. மருந்து சதைக்குள்ள தங்கி கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கலக்கும், அதனால ஒரு தடவ விட்டா மறுநாளே ஒண்ணும் தெரியாது, வாரக்கணக்குல நல்லாவே இருப்பாங்க, "பாத்தீங்களா, ஊசி இல்லாமலே இருக்கேனே"ன்னு வேற தோணும். மருந்து குறையக் குறைய பலருக்கு முதல்ல கெடுறது தூக்கம். நிறுத்தணும்னா டாக்டர்கிட்ட பேசி குறைச்சுக்கிட்டே வரணும், நாமளா நிறுத்தக் கூடாதுங்க.

ரெண்டு வருஷமா தேதி தவறாம வந்த ஒரு தம்பி ஒரு தடவ ரெண்டு வாரம் கழிச்சு வந்தான். எப்பவும் எனக்கு நேரா உக்கார்றவன் அன்னிக்கு சுவர ஒட்டி உக்காந்து கதவையே பாத்துட்டிருந்தான், சட்டை பட்டன் மாத்திப் போட்டிருந்தான். அம்மா சொல்றாங்க, "ஒண்ணுமில்ல சிஸ்டர், செல்போன மட்டும் துணி போட்டு மூடி வெக்கிறான்." அந்த 'மட்டும்' தான் எனக்கு பக்குன்னு ஆச்சு. அன்னிக்கே டாக்டர்கிட்ட பேசினோம், அட்மிஷன் இல்லாமலே சரியாச்சு. வீட்ல இருக்கறவங்க இந்த மாதிரி சின்ன விஷயத்த தயவுசெஞ்சு சொல்லிருங்க.

லித்தியம், அதாவது மனநிலை ரொம்ப ஏறி இறங்கற பைபோலார் நோய்க்கான மாத்திரை, எடுக்கறவங்க கைய நீட்டச் சொல்லிப் பாப்பேன். லேசா நடுங்கறது சகஜம், ஆனா நடுக்கம் அதிகமாகி வாந்தி, பேதி, தள்ளாட்டம்னு வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரத்தத்துல லித்தியம் எவ்வளவு இருக்குன்னு பாக்க, கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழிச்சுதான் ரத்தம் எடுக்கணும், நிறைய பேர் காலைல மாத்திரையப் போட்டுட்டு வந்து நிப்பாங்க, அளவு தப்பா காட்டும். இன்னொண்ணு, வலிக்குன்னு நீங்களா ஐபுப்ரோஃபன் வாங்கிப் போடாதீங்க, லித்தியம் ரத்தத்துல ஏறிடும்.

வெயிட், பிபி, சுகர் பாக்கறப்ப "மனசுக்குத்தானே வந்தேன்"னு சலிச்சுக்குவாங்க. தீவிர மனநோய் இருக்கறவங்க மத்தவங்கள விட 10லருந்து 20 வருஷம் முன்னாடியே போயிடறாங்க, அதுல பெரும்பாலும் இதயம், சுகர் மாதிரி உடம்பு நோய்தான். சில மருந்தே எடைய ஏத்தும், பாக்காம எப்படி விடறது?

"செத்துடலாம்னு தோணுதா"ன்னு நேராவே கேப்பேன். கேட்டா அந்த எண்ணம் வந்துரும்னு பயப்படாதீங்க, அப்படி இல்ல, கேட்டதும் பாதி பேர் அழுதுடுவாங்க, யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்திருப்பாங்க.

தேதி தவறினா போன் பண்ணுவோம். திட்டுவாங்கன்னு பயந்தே நாலு மாசம் வராம இருந்துட்டு ஒரு அக்கா வாசல்லயே நின்னாங்க. உள்ள கூட்டிட்டு வந்து நாற்காலியப் போட்டு, ஏன் வரலன்னு கேக்காம, "நேத்து தூங்குனீங்களாக்கா"ன்னுதான் ஆரம்பிச்சேன்.