அடைப்புக் காமாலைக்கு ஸ்டென்ட்: காப்பீட்டில் எங்கே சிக்கும்?

ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பித்தநாளம் அடைபட்டு வருவது அடைப்புக் காமாலை. அந்த நாளத்தில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயைப் பெரும்பாலும் வைப்பது இதற்குத்தான்: எடுக்க முடியாமல் சிக்கிய கல், கணையத் தலையிலோ நாளத்திலோ புற்றுநோய், பித்தப்பை ஆபரேஷனுக்குப் பின் நாளம் சுருங்குவது அல்லது பித்தம் கசிவது. கண் மஞ்சள், மூத்திரம் டிகாஷன் நிறம், மலம் வெளுப்பு, உடம்பெல்லாம் அரிப்பு என்றால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி, காகிதம் பிறகு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சிக்கல் இனிமேல்தான்.

நோயாளியின் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறதா? காரைக்குடியில் ஆத்தா, சென்னையில் மகன் அட்டையில் பெயர் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். ஆதாரில் 'மீனாட்சி', அட்டையில் 'மீனாள்' என்றிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெயர் அதே அட்டையில் இருந்தால் அவர் சம்பளத்தைப் பற்றியும் கேள்வி வரும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, எல்லோருடைய ஆதார், இவற்றின் நகலோடு உங்கள் மாவட்ட கலெக்டர் ஆபீஸ் (காரைக்குடிக்குச் சிவகங்கை) பதிவு மையத்துக்குப் போங்கள். ஒரு நகல் குறைந்தால் இன்னொரு பஸ், இன்னொரு நாள். கிளம்பும் முன் 1800 425 3993 எண்ணில் கேட்டுவிடுங்கள்.

வாசலில் திட்டத்தின் போர்டு இருந்தால் போதாது. எலும்புக்கு அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிக்குக் குடல் சிகிச்சைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைக்கும் முறைக்கு இஆர்சிபி என்று பெயர். "இஆர்சிபி, ஸ்டென்ட் இரண்டும் காப்பீட்டில் செய்வீர்களா?" என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். முன் அனுமதிக்கு ஸ்கேன் படமும் பிலிருபின் (ரத்தத்தில் காமாலை அளவு) ரிப்போர்ட்டும் போக வேண்டும். சீட்டில் வெறும் 'காமாலை' என்று இருந்தால் கேள்வி கேட்டுத் திருப்புவார்கள். அடைப்பின் காரணத்தை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதை முதல் நாளே சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும். அனுமதி வந்தபின் "ஸ்டென்ட்டுக்கு மட்டும் தனிக் காசு" என்றால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும்.

பலரும் கோட்டை விடுவது வீடு திரும்பிய பிறகு. பிளாஸ்டிக் ஸ்டென்ட்டைச் சுமார் 3 மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். காமாலை இறங்கியதும் மறந்துவிட்டால் குழாயில் கசடு அடைத்துச் சீழ் பிடிக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிளாஸ்டிக்கா மெட்டலா, எடுக்கும் தேதி எது என்று இரண்டும் இருக்க வேண்டும். எடுப்பதற்கும் புதிதாக அனுமதி கேட்பார்கள். அந்தத் தேதிக்கு 10 நாள் முன்பே கவுண்டரில் போய் நில்லுங்கள்.